ஒட்டுப்போட்ட மட்காட்

எங்கள் வீட்டுக் காருக்கு என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூப்பு. 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். சாம்பல் நிறம், நான்கு கதவு, 948 சீசீ எஞ்சின். ஹற்றனுக்கும் டிக்கோயாவுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் அதை மொறிஸ் என்று சொல்பவர்கள் குறைவு. 'முதலாளியின் ஆமை' என்பதே அதன் பெயர். முதலாளி என்றது என் வாப்பாவை. தோட்டத்துச் சந்தியில் ஒரு சில்லறைக்கடை வைத்திருந்தால் மலையகத்தில் தானாகக் கிடைத்துவிடும் பட்டம் அது. கையில் முதல் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

முதலில் அந்தக் கார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் இருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரை தன் நாட்டுக்குப் போனார். கார் பெரிய கிளாக்கரின் கைக்கு வந்தது. 1984இல் வாப்பா அதை அவரிடமிருந்து தவணைக்கு வாங்கினார். கடைக்குச் சாமான் ஏற்றுவதற்கென்றுதான் வாங்கினார். ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே அதற்கு வேறு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

அந்நாளில் லயத்தில் யாருக்காவது வருத்தம் கடுமையானால் கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். இரவென்றால் அந்த லொறியும் இல்லை. வந்து எங்கள் கடைப் பலகையைத் தட்டுவார்கள். வாப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு புறப்படுவார். பின்னிருக்கையில் பிரசவ வேதனையில் ஒரு பெண்ணும், அவளைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு கிழவியும் இருப்பார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி இன்று 2017இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் இயங்குகிறது. அன்று அதை அடைவதே பாதி வைத்தியம். பெற்றோலுக்கு என்று கொடுத்தால் வாப்பா வாங்கிக்கொள்வார். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே அந்தப் பின்னிருக்கையில் பிறந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவருடைய மகளுக்கு நான் மூன்றாம் வகுப்பில் கணிதம் கற்பித்திருக்கிறேன்.

இந்தக் காரின் பிறப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் உஸ்மானியப் பேரரசின் ஸ்மேர்னா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்தவர். 1922இல் போரின் முடிவில் அந்நகரை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மோல்ற்றா வழியாக இங்கிலாந்து சேர்ந்த அந்த அகதிப் பையன்தான் பிற்காலத்தில், ஆங்கிலேயர் தங்கள் தேசிய அடையாளம் என்று கொண்டாடிய காரைச் செய்தான். 1948இல் வெளிவந்த மைனர், ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகளில் சுமார் 16 லட்சம் உற்பத்தியானது.

வெளிவருவதற்குச் சற்று முன்பு ஒரு சங்கதி நடந்தது. மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு அது ஒடுக்கமாகத் தோன்றியது. உடனே அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தி மீண்டும் பொருத்தினார். மைனரின் பொனட் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தட்டையான பட்டை ஓடும். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. சிறுவயதில் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

2024 மே மாதம். தென்மேல் பருவக்காற்று தொடங்கி, மழையும் மூடுபனியும் ஒன்றாய் இறங்கிய ஒரு பிற்பகல். மகளை ஏற்றிக்கொண்டு தலவாக்கலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கொட்டகலைக்கு வருமுன் உள்ள ஒரு முடக்கில், மரக்கறி மூட்டைகளோடு முன்னால் போன வாகனத்தை முந்திக்கொண்டு எதிரே வந்த ஒரு லொறி எங்கள் பக்கத்துக்கு ஏறியது. இடது பக்கம் கானோரம்வரை ஒதுங்கினேன். அதற்குமேல் ஒதுங்க இடமில்லை. வலது முன்பக்கத்தில் அடித்தது.

மகளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்காலில் ஓர் அடி. இறங்கிப் பார்த்தேன். வலது மட்காட் கடதாசியைக் கசக்கியதுபோல் மடிந்து கிடந்தது. ஹெட்லைட் உடைந்து அதன் கண்ணாடி வீதியில் சிதறியிருந்தது. பம்பர் ஒருபக்கம் வளைந்து, ரேடியேட்டரிலிருந்து வெந்நீர் ஒழுகியது. நம்பர் பிளேட்டும் மடிந்துபோயிருந்தது. 1957 முதல் வாகனங்களில் வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தாங்கிய பிளேட் அது. அந்த எழுத்தின்மேல் தார் பூசிய காலத்தையும் 1958இன் கலவரத்தையும் நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1961க்கு முந்திய மைனர்களில் திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து ஒரு செம்மஞ்சள் கை வெளியே நீளும். அடிபட்ட அதிர்ச்சியில் வலது கை தானாக வெளியே வந்து மடங்காமல் நின்றது. மழைக்குள் அந்தக் கை நீண்டபடி நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

காரைக் கட்டியிழுத்து வந்து கடை முற்றத்தில் விட்டோம். மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மையித்து வீட்டுக்கு வருவதுபோல் வந்து, சற்றுத்தூரம் நின்று பார்த்தார்கள். ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்மணி ஒருவர் என் முழங்காலைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலல்ல தம்பி?" என்றார். பிறகு கசங்கிய தகட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "எம் பெரியவன இதுலதான் கூட்டிட்டுப் போனாக. மூணாவது முடக்குல 'அம்மா'ன்னு கத்துனேன். முதலாளி திரும்பியே பாக்கல, வண்டிய மட்டும் வெரசா விட்டாரு" என்றார்.

பாடசாலையில் சக ஆசிரியர் ஒருவர், "பிள்ளையும் நீங்களும் தப்பினீங்களே, அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிட்டு விடுங்க மாஸ்டர். கார் இரும்புதானே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. எங்கள் வீதிகள் அதை அடிக்கடி நினைவூட்டுபவை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். எனக்கு விபத்து நடந்து ஓராண்டுக்குப் பின், 2025 மே 11ஆம் திகதி, கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலைகளையே சரித்து வீடுகளை மூடியது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மட்காட்டுக்காகக் கவலைப்படுபவனை என்னவென்று சொல்வது?

ஆகையால் அந்தக் கவலையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். ஆனால் வெட்கப்பட்டதால் அது இல்லாமல் போகவில்லை. வாப்பா 2016இல் மௌத்தானார். அவருடைய உடுப்புகளைக் கொடுத்துவிட்டோம், கடையைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். ஸ்டியரிங் வளையத்தில் அவருடைய உள்ளங்கை தேய்த்து வழவழப்பாக்கிய இடம் ஒன்று இருக்கிறது. ஓட்டும்போது என் கையும் தானாக அங்கேதான் போகும். இரும்பை இரும்பு என்று சொல்லலாம். அந்த வழவழப்புக்கு நான் என்ன பெயர் சொல்வது?

லொறியின் காப்புறுதிக்காகச் சேதத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். காரைச் சுற்றி வந்து, படம் எடுத்து, உற்பத்தி ஆண்டை எழுதும்போது பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "திருத்துற செலவு காரின் பெறுமதியைத் தாண்டும் சேர். முழு நட்டம் எண்டு போட்டால் இலகு" என்றார். அதே வாரம் கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில், இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களுக்கு விலை ஏறிக்கொண்டே இருந்தது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆக, காகிதத்தில் பெறுமதியில்லாத கார் கழற்றி விற்பவருக்குப் பெறுமதியாக இருந்தது. முழுதாக ஓடும் காராக அதை எண்ணிப் பார்க்க இருவருக்குமே தேவை இருக்கவில்லை.

வீட்டிலும் வாக்குவாதம் நடந்தது. "பிள்ளை ஓலெவல் எடுக்கப்போகுது. கிளாஸ் காசு, புத்தகக் காசு எல்லாம் இருக்கு. அந்தக் காச இந்தத் தகரத்துல போடப்போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அது நியாயமான கேள்வி. பல நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். காப்புறுதியில் கிடைப்பதற்கு மேல், அரசாங்க ஊழியருக்குரிய இடர் கடனில் ஒரு சிறு பகுதி மட்டும் போடுவது. பளபளப்பாக்குவதற்கு அல்ல, பாதுகாப்பாக ஓட்டுவதற்கு. பிரேக், ஸ்டியரிங், முன்சில்லு, விளக்கு ஆகியவை முதலில். அழகு கடைசியில், காசு மிஞ்சினால்.

டிங்கர் பாஸ் எழுபதைத் தாண்டியவர். சிங்களவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிடச் சரளமாகப் பேசுவார். மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, பொடியே சட்டம் என்பதை அவர்தான் விளக்கினார். வெளியே தெரியும் மட்காட் போல்ட்டில் நிற்பது, கழற்றி மாட்டலாம். உள்ளே முன்சில்லைத் தாங்கும் பகுதி ஓர் அங்குலம் விலகினாலும் கார் வாழ்நாள் முழுதும் ஒருபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அவர் முதல் இரண்டு கிழமை வெளித்தகட்டைத் தொடவே இல்லை. நூல் கட்டிக் குறுக்கு மறுக்காக அளந்து, உள்ளதை இழுத்து நேராக்குவதிலேயே இருந்தார்.

புது மட்காட் வாங்குவதென்றால் வாங்கலாம். 1990களில் நம் நாட்டிலேயே மைனருக்கான தகட்டு உறுப்புகளைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவரும், இலங்கையரான தனபால சமரசேகரவும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. வெள்ளைக்காரன் செய்து அனுப்பிய காருக்கு நம் கைகள் உறுப்புச் செய்து திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஆனால் பஞ்சிகாவத்தையில் விலை கேட்டபோது எங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை. நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் கோழிக்கூடாக இருந்த மைனர் ஒன்றை பாஸ் கண்டுபிடித்தார். அதன் மட்காட்டின் முன்பாதி நல்லது, பின்பாதி துரு. எங்களுடையதில் பின்பாதி நல்லது. இரண்டையும் அறுத்து ஒட்டுவது என்று முடிவாயிற்று. பழைய உரிமையாளர் கோழிகளை வெளியேற்ற ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

மூன்றாம் கிழமை பாஸ் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். உள்தகட்டின் பெயின்றைச் சுரண்டியிருந்தார். அங்கே ஒரு சாண் நீளத்துக்குப் பழைய கேஸ் வெல்டிங் தழும்பு. கீழே ஈயம் நிரப்பித் தேய்த்த இடம்.

"இது இப்ப பட்டதில்ல மாஸ்டர். இதுக்கு முன்னயும் ஒருக்கா நல்லா அடி வாங்கியிருக்கு. செஞ்ச ஆளு கைகாரன்" என்றார்.

உம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எண்பத்தேழாக்கும். மழக்காலம். ஒங்கட வாப்பா ஒரு கிழம பஸ்ஸில வந்து போனாரு. கார் சேவிஸுக்கு எண்டாரு. நெத்தியில ஒரு காயம். நான் கேக்கல்ல மகன்."

நான் இழந்துவிட்டதாக நினைத்த 'அடிபடாத கார்' என் நினைவில் மட்டுந்தான் இருந்திருக்கிறது. துரையின் காலத்திலிருந்து ஒரு கீறலும் இல்லாமல் என் கைக்கு வந்தது, என் கையில் சிதைந்தது என்பதுதான் என்னை அரித்த எண்ணம். வாப்பா அதை உடைந்த பிறகும் ஓட்டியிருக்கிறார். அந்தத் தழும்போடுதான் அது மேலும் பல ஆண்டுகள் இரவுகளில் டிக்கோயாவுக்கு ஓடியிருக்கிறது. பின்னிருக்கையில் படுத்திருந்த பெண்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அன்றைக்குப் பிறகு எனக்கு அவசரம் குறைந்தது. பழைய நிலைக்குக் கொண்டுவா என்று பாஸை நச்சரிப்பதை விட்டுவிட்டேன். எந்தப் பழைய நிலை? 1959இன் நிலையா, 1987க்குப் பிந்திய நிலையா?

செப்டம்பரில் கார் வெளியே வந்தது. நேராக ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. வலது மட்காட்டின் சாம்பல், மற்றப் பக்கத்தின் சாம்பலோடு சேரவில்லை. உற்றுப் பார்த்தால் ஒட்டின் கோடும் தெரியும். முழுக் காரையும் பெயின்ற் அடிக்க மிஞ்சிய காசு மகளின் வகுப்புகளுக்குப் போயிற்று. அதில் எனக்கு மனக்குறை இல்லை என்று சொன்னால் பாதி பொய். வெயில் நாளில் அந்த நிறபேதம் கண்ணில் படத்தான் செய்கிறது. செம்மஞ்சள் கையும் சீராகிவிட்டது. சந்தியில் அது எழும்பும்போது பிள்ளைகள் பதிலுக்குக் கை காட்டுகிறார்கள்.

காரின் சிறுபெட்டியில் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறேன். விபத்தின் திகதி, எந்தத் தகடு எங்கிருந்து வந்தது, எங்கே வெல்டிங், எங்கே ஈயம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். பாஸ் சிங்களத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். முதல் பக்கத்தில் '1987, மழைக்காலம், வாப்பா' என்று மட்டும் இருக்கிறது. மகள் லைசன்ஸ் எடுக்கும்போது கொப்பியையும் சாவியோடு கொடுப்பதாக உத்தேசம். எழுதாத பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.