மணிலாவில் ஒரு பிறந்தநாள் விருந்து

பிலிப்பைன்ஸ் நாடு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளால் ஆனது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியரும், பின்னர் அமெரிக்கரும் அதனை ஆண்டனர். 1946-இல் அது விடுதலை பெற்றது. ஆண்டவர்கள் விட்டுச் சென்ற அடையாளம் ஊர்ப் பெயர்களிலும் மாதாகோயில்களிலும் மட்டுமன்றிச் சாப்பாட்டு மேசையிலும் தங்கிவிட்டது. தலைநகரான மணிலாவில் பெரிய மனிதர் விருந்து என்றால், நெடுங்காலம் அது பெரும்பாலும் ஸ்பானிய, சீன அல்லது அமெரிக்க முறை விருந்தாகவே இருந்தது. மக்கள் அன்றாடம் உண்ணும் புளிக்குழம்பும் கருவாடும் வீட்டு அடுக்களையிலும், 'காரிந்தெரியா' எனப்படும் தெருவோரச் சோற்றுக் கடைகளிலும் நின்றுவிட்டன.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்நிலை மாறி வருகிறது. வெளிநாடுகளில் தொழில் பயின்று திரும்பிய இளைஞர் பலர், பாட்டிமார் சமைத்தவற்றையே புது முறையில் பரிமாறத் தலைப்பட்டனர். உலக உணவகங்களுக்குத் தரம் கூறும் மிஷலின் வழிகாட்டி, 2025 அக்டோபரில் முதன்முறையாக மணிலாவையும் செபுவையும் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. அத்தகைய புதுமுறை உணவகம் ஒன்றில், அதே ஆண்டு நவம்பரில், எங்கள் அன்னையாரின் எழுபதாம் பிறந்தநாள் விருந்து நடைபெற்றது.

என் தமையனார் பணியின் பொருட்டு மணிலாவில் குடியேறி, அந்நாட்டுப் பெண்மணியை 2018-இல் மணந்தார். அத்திருமணத்திற்கு அம்மா செல்லவில்லை. தூரம் என்று சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் உறவினர் அனைவருக்கும் தெரியும். நம் சங்கத்துக் குடும்பங்களுள் சிலவற்றிலும் இத்தகைய மௌனம் நிலவுவதால் அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2025 ஜூனில் அந்நாட்டு அரசு, சுற்றுலாச் செல்லும் இந்தியர் 14 நாள் வரை விசா இன்றித் தங்க அனுமதி அளித்தது. பேத்தியின் முகத்தைத் தொலைபேசித் திரையிலேயே கண்டுவந்த அம்மா அதன் பின்னரே இசைந்தார். கல்கத்தாவிலிருந்து பாங்காக் சென்று, அங்கே விமானம் மாறி மணிலாவை அடைந்தோம்.

அண்ணியின் தாயார், அதாவது எங்கள் சம்பந்தியம்மாள், லாகுனா மாகாணத்திலிருந்து வந்து அதே வீட்டில் தங்கியிருந்தார். இருவரும் நான்கு நாள்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் புன்னகைக்கு மேல் ஒரு சொல்லும் பரிமாறிக்கொள்ளவில்லை. மொழி தெரியாதது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அன்று.

பிறந்தநாள் என்று அம்மா கொண்டாடியதே இல்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, நட்சத்திரப்படி வேறொரு நாள். அண்ணி கடவுச்சீட்டில் கண்ட தேதியை நம்பி முன்பே இடம் பதிவு செய்துவிட்டார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வேண்டாம் என்று உணவகத்தாருக்கு எழுதியும் இருந்தார். (சைவ உணவு உண்ணும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி மட்டுமே என்று வரும் பண்டத்திலும் 'பாத்திஸ்' என்னும் மீன்சாறோ 'பாகோவோங்' என்னும் இறால் விழுதோ கலந்திருக்கக் கூடும். கேட்டறிந்து உண்ணுதல் நலம்.)

மாக்காத்தி பகுதியில் அவ்வுணவகம் அமைந்திருந்தது. பளபளப்பு ஒன்றும் இல்லை. மரமேசைகள், மண் தட்டுகள், சமைப்பது கண்ணுக்குத் தெரியும்படியான திறந்த அடுக்களை. முதலில் வந்த தட்டைக் கண்டு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் பாடும் 'பாஹாய் கூபோ' என்றொரு நாட்டுப்பாடல் உண்டு. ஓலைக்குடிசை ஒன்றைச் சுற்றி விளையும் பதினெட்டுப் பயிர்களை அது பெயர் சொல்லி அடுக்குகிறது. மணிலாவின் பெயர்பெற்ற உணவகம் ஒன்று அப்பதினெட்டையும் ஒரே தட்டில் சேர்த்துப் புகழடைந்தது. நாங்கள் சென்ற இடத்திலும் அதனை ஒட்டிய பண்டம் ஒன்று இருந்தது. வறுத்துப் பொடித்த நிலக்கடலையை மண்போலப் பரப்பி, அதில் காய்களை நட்டு வைத்திருந்தார்கள். என் அண்ணன் மகள் பாடலைச் சொல்லிக்கொண்டே விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்; அம்மா தமிழில் பெயர் சொன்னார். கத்தரி, அவரை, காராமணி, பீர்க்கு, சுரை, பரங்கி, சாம்பல் பூசணி, முள்ளங்கி, இஞ்சி, பூண்டு, எள்! கல்கத்தாச் சந்தையில் குளிர்காலத்தில் 'சாங்க் ஆலு' என்று விற்கும் கிழங்குகூட அதில் இருந்தது. அம்மாவுக்குப் புதியதாக இருந்தது சிறகவரை ஒன்றுதான்.

அடுத்து வந்தது 'சினிகாங்'. புளியங்காயின் புளிப்பில் பால்மீனையும் கீரையையும் இட்டுக் கொதிக்க வைத்த சாறு. நம் ரசத்தில் மிளகையும் பெருங்காயத்தையும் நீக்கி மீனைச் சேர்த்தாற்போல் இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்தது. அம்மா, "தாளிக்க மறந்துவிட்டார்கள்" என்றார்.

பிறந்தநாளுக்கு இன்றியமையாதது 'பான்சித்' என்னும் நீண்ட இழைகள். சீனர் வழியாக வந்த இதனை நறுக்காமல் உண்ண வேண்டும். இழை நீண்டால் ஆயுளும் நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை. கரண்டியின் விளிம்பால் அதை வெட்டப் போன அம்மாவின் கையைச் சம்பந்தியம்மாள் சட்டென்று பற்றித் தடுத்தார். எங்களுக்கெல்லாம் ஒரு கணம் மூச்சு நின்றது. அண்ணன் காரணத்தைக் கூறியதும் அம்மா கையை விடுவித்துக்கொள்ளாமலே, "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார்.

பின்னர்ச் சோறு வந்தது. இங்கே ஒன்று கூற வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நமக்கோ வயலில் நிற்பது நெல், குத்தியது அரிசி, வெந்தது சோறு. தகாலோக் மொழியிலும் அவ்வாறே மூன்று சொற்கள்: பாலாய், பீகாஸ், கானின். சோற்றோடு சேர்த்து உண்பதற்கெல்லாம் பொதுப்பெயர் 'உலாம்'. சோறின்றி உண்டது உணவாகாது என்று எண்ணும் மக்களிடையே நாம் அந்நியர் ஆவதில்லை என்றே எனக்குத் தோன்றியது.

வாழையிலையில் பரிமாறிய அச்சோறு சிவந்திருந்தது. வடக்கே மலைப்படிகளில் பயிராகும் பழைய நெல் வகை என்று பரிமாறியவர் விளக்கினார். கையால் உண்ணலாம் என்றும் சொன்னார். அம்மா ஒரு கவளம் உண்டு, "மாப்பிள்ளைச் சம்பா மாதிரி இருக்கிறது. ஐ.ஆர். எட்டு வந்த பிறகு எங்கள் அப்பா இதையெல்லாம் விட்டுவிட்டார்" என்றார். அண்ணன் மொழிபெயர்க்கும் முன்னரே சம்பந்தியம்மாள் தலை நிமிர்ந்தார். 'ஐ.ஆர். எட்டு' என்பதில் 'ஐ.ஆர்.' அவருக்குப் புரிந்துவிட்டது.

புரியாமல் எப்படி இருக்கும்? 1960-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அவருடைய லாகுனா மாகாணத்தில், மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லோஸ் பான்யோஸில் இருக்கிறது. ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் 1966-இல் அங்கிருந்துதான் வெளியாயிற்று. உரத்தைத் தாங்கிச் சாயாமல் நின்று முன்னைவிடப் பன்மடங்கு விளைந்த அந்நெல் நம் நாட்டின் பஞ்சத்தைத் தணிக்கவும் துணை நின்றது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்நிலையத்தின் தலைமை இயக்குநராக விளங்கினார். அம்மாவின் தந்தையார் அதே கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் உழுதவர். சம்பந்தியம்மாளின் தந்தையார் லாகுனாவில் உழுதவர். ஒரே விதை இருவர் வயலிலும் விழுந்திருக்கிறது.

"விளைச்சல் கொட்டியது. ஆனால் சோறு ஆறினால் விறைத்துப் போகும். அதை வடித்துக் கொட்டிவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்" என்றார் எங்கள் அம்மா. அண்ணி சிரிப்பை அடக்கமாட்டாமல் இரு பக்கமும் மொழிபெயர்த்தார். சம்பந்தியம்மாள் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அவர் வீட்டிலும் அதை யாரும் விரும்பி உண்டதில்லையாம், விற்பதற்கு ஐ.ஆர். எட்டு, வீட்டுக்குப் பழைய நெல் என்று அவர் தந்தையார் ஒரு மூலையில் தனியே பயிரிட்டாராம். "எங்கள் அப்பாவும்!" என்று அம்மா கூவியதில் அடுத்த மேசையினர் திரும்பிப் பார்த்தனர். விளைச்சலுக்காக உலகம் போற்றிய நெல்லை இரு மூதாட்டியரும் அரைமணி நேரம் குறை கூறித் தீர்த்தனர். அதற்குப் பின் வந்த ஊதாக் கிழங்கு இனிப்பையும், வாழையிலை மேல் சுட்ட 'பிபிங்கா' என்னும் அரிசி அப்பத்தையும் அவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை.

எழும்போது அண்ணியின் தம்பி மக்கள் இருவர் அம்மாவின் வலக்கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொண்டனர். 'மனோ' என்னும் அவ்வழக்கம் பெரியோரிடம் ஆசி பெறுவதற்கு உரியது. அடுத்து அண்ணி குனிந்தார். அம்மா அவர் தலைமேல் கை வைத்து, "நன்றாக இரு, அம்மா" என்றார். திருமணம் முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஆசி அது.

மறுநாள் விடியற்காலையில் சம்பந்திமார் இருவரும் பேத்தியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, வாடகைக் காரில் லோஸ் பான்யோஸ் புறப்பட்டனர். என்னையும் அண்ணனையும் அழைக்கவில்லை. மாலையில் அவ்வூரின் பெயர்பெற்ற இளந்தேங்காய்ப் பண்டமான 'பூக்கோ பை' இரண்டு பெட்டியுடன் திரும்பினார்கள். வயல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "வரப்பெல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்" என்றார் அம்மா.