மாமாக்களே, ஒரு நிமிஷம்!

அக்காவுக்குக் குழந்தை பொறந்தாச்சு, நீங்க மாமா ஆயாச்சு. கங்கிராட்ஸ் பாஸ்! வெள்ளிக் கொலுசு, அரைஞாண், தொட்டில்னு தாய்மாமன் சீர் லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுமே... அதுல குழந்தைக்கான கார் ஸீட்டையும் சேருங்க. நான் சேர்த்தப்போ எங்க பாட்டி பார்த்த பார்வை இருக்கே! ‘‘பச்சப் புள்ளைய ஏன்டா கட்டிப் போடுற? பெத்தவ மடியைவிடவா அது பத்திரம்?’’

பாட்டிகிட்ட நியூட்டனைப் பத்திப் பேச முடியாது. உங்ககிட்ட பேசலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்துல போற கார் எதிலாவது மோதி, 0.1 விநாடியில நிக்குதுன்னு வெச்சுக்குங்க. ப்ளஸ் டூ கணக்குதான். 6 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த, கிட்டத்தட்ட 85 கிலோ எடையைத் தூக்குற பலம் வேணும். அதுவும் கண்மூடித் திறக்குறதுக்குள்ள! அக்காவோட பாசத்துல குறையே இல்லை. கைதான் தாங்காது. ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடுறது இன்னும் ஆபத்து. அக்காவோட மொத்த எடையும் குழந்தையை நசுக்கிடும்.

கைக்குழந்தைக்கான ஸீட், காரோட பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கணும். பொறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல கால்வாசி தலைதான். ‘தலை இன்னும் நிக்கலை’னு வீட்ல சொல்வாங்களே, அந்தக் கழுத்தை நம்பியா அவ்வளவு பெரிய தலையை விடுறது? பின்னோக்கி இருந்தா தலை, கழுத்து, முதுகு மூணையும் ஸீட்டே வாங்கிக்கும். 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் இந்த ஐடியாவைப் பிடிச்சது, விண்வெளி வீரர்களோட இருக்கையைப் பார்த்துதான். சூப்பர்ல?

வாங்குறது ஈஸி, மாட்டுறதுதான் பரீட்சை. காரோட பின் ஸீட்லதான் வைக்கணும். ஏர்பேக் வேலை செய்யுற முன் ஸீட்ல வெச்சா, அது விரியுற வேகத்துல குழந்தையோட தலைக்குப் பின்னாடியே அறையும். மாட்டினதும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஒரு இஞ்சுக்கு மேல அசையக் கூடாது. குழந்தையோட தோள்கிட்ட பட்டையைக் கிள்ளுங்க. விரலுக்குள்ள மடிப்பு சிக்கினா லூஸ்னு அர்த்தம். கம்பளியைப் பட்டைக்கு மேலதான் போர்த்தணும், அடியில கூடாது.

14 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு பெல்ட்டோ, இந்த மாதிரி ஸீட்டோ இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம்னு 2019 சட்டத் திருத்தமே சொல்லுது. ஆனா, யாரும் பிடிச்சுக் கேட்டு நான் பார்த்ததில்லை!

நம்ம ஊர்ல பல குழந்தைகளுக்கு முதல் நீண்ட பயணமே, மூணாம் மாசம் அப்பா வீட்டுக்குப் போறதுதான். அதுவும் பெரும்பாலும் வாடகைக் கார்ல. பின் ஸீட் பெல்ட்டோட கொக்கி, ஸீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். முந்தின நாளே டிரைவர் அண்ணனுக்கு போனைப் போட்டு வெளியே எடுத்து வைக்கச் சொல்லிடுங்க.

குழந்தை அழுமேன்னு கேட்கிறீங்களா? அழும்தான். அப்படியே ஓட ஓடத் தூக்காம, வண்டியை ஓரங்கட்டி, பால் கொடுத்து, தட்டிக் கொடுத்து, திரும்ப உட்கார வைங்க. கும்பகோணத்துலேர்ந்து திருச்சி போறதுக்குள்ள எங்களுக்கு மூணு ஸ்டாப். குட்டிப் பாப்பாவுக்குப் பால், எங்களுக்கு டீ, பாட்டிக்கு வெத்தலை!