ஜன்னலோர இருக்கை

குழந்தைகளை ஒரு நாள் வெளியே அழைத்துப் போக எவ்வளவு செலவாகும் என்ற கணக்கை நான் சென்னையில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே ஓர் அச்சகத்தில் வேலை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக ஞாயிற்றுக்கிழமைக்கென்று மிஞ்சுவது சொற்பம். வணிக வளாகங்களுக்குள் போகக் கட்டணமில்லை, வெளியே வருவதற்குத்தான் கட்டணம் என்பது இரண்டு முறை போனதிலேயே புரிந்துவிட்டது. பிறகு நானும் மனைவியும் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். வெயில் ஏறுமுன் கிளம்புவது. புளியோதரையும் தண்ணீரும் கையோடு கொண்டுபோவது. ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும் பார்ப்பது. குழந்தைகள் களைத்துப்போவதற்கு முன்பே திரும்பிவிடுவது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டியில் சிறுவர் பூங்கா, எழும்பூரில் அருங்காட்சியகம். இரண்டும் வேண்டாமென்றால் கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்பலாம். என் மகனுக்கு அதுவே பெரிய பயணம்.

மூன்று வருடங்களுக்கு முன் சொந்த ஊர்ப் பக்கமே வந்து சிவகாசியில் குடியேறினோம். வந்த முதல் மாதத்திலேயே மகள் கேட்டாள்: “இங்க எங்கப்பா போறது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. எங்கெங்கோ இருக்கும் குழந்தைகளின் தீபாவளி இங்கே தயாராகிறது. ஆனால் இந்த ஊர்க் குழந்தைகள் ஒரு விடுமுறை நாளில் எங்கே போவார்கள் என்பதை இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நான் யோசித்ததே கிடையாது. என் சிறுவயதில் வெளியே போவது என்றால் ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவது. அவ்வளவுதான்.

பழைய விதிகளை வைத்துக்கொண்டே புதிய பட்டியல் ஒன்று போட்டேன். மழைக்காலம் முடிந்ததும் பறவைகளைப் பார்க்கக் குல்லூர்சந்தை அணை. பேருந்துச் செலவோடு முடிந்துவிடும் விருதுநகர் காமராஜர் நினைவு இல்லம். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில், அங்கிருந்து மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு.

முதலில் போனது காமராஜர் வீட்டுக்கு. மாநிலத்தையே ஆண்டவர் வளர்ந்த வீடு இத்தனை சிறியதா என்று மகள் ஆச்சரியப்பட்டாள். 1903இல் பிறந்தவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர், படிப்பைப் பாதியில் விட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்குப் போனவர், பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட்டவர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போனாரா? அத்தை மாதிரியா?” என்றாள்.

அத்தை என்றது என் அக்காவை. 1984இல் அக்காவுக்கு ஒன்பது வயது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அந்த வருடம்தான் அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றே சொல்வோம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அம்மா அவளைத் தூக்கத்திலேயே நிறுத்தித் தலை வாரி, தூக்குவாளியைக் கையில் கொடுத்து அனுப்புவாள். சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. எத்தனை சட்டமோ அத்தனைக்குக் கூலி. திரும்பும்போது மறுபடியும் இருட்டியிருக்கும். அந்தக் கூலியில்தான் என் பள்ளிக்கூடச் செலவு நடந்தது. இதை நான் பிறரிடம் சொன்னதுண்டு, அவளிடம் சொன்னதில்லை.

அக்காவின் வயதொத்த பிள்ளைகளின் வாழ்க்கையைத்தான் சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படமாக எடுத்தார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அப்படி வேலைக்கு வைத்தவர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அப்போது அக்காவுக்குத் திருமணமாகி இரண்டாவது குழந்தையும் பிறந்திருந்தது. இன்று அதே சாலைகளில் காலையில் மஞ்சள் நிறப் பள்ளி வாகனங்கள் ஓடுகின்றன. அக்கா இப்போது காலண்டர் கட்டும் வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

திருவில்லிபுத்தூருக்கு அவளையும் அழைத்தேன். “நான் வந்து என்னத்தப் பாக்கப்போறேன்? ஒரு நாளுதான் துணி துவைக்கக் கெடைக்குது. நீங்க போய்ட்டு வாங்க” என்றாள். என் மகன் போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள்தான் எங்களுக்கு முன்பே பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நகரப் பேருந்தாகப் பார்த்து ஏறினோம். 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகனுக்கு அரை டிக்கெட். ஜன்னலோர இருக்கைக்கு இரண்டு பிள்ளைகளும் அடித்துக்கொண்டார்கள். அக்கா சிரித்தாள். “நாங்களும் ஆபீஸ் பஸ்ல இதுக்குத்தான் சண்ட போடுவோம்.”

“வேடிக்கை பாக்கவா அத்தை?” என்றான் மகன்.

“இருட்டுல என்ன வேடிக்கை? ஜன்னல் கம்பியில சாஞ்சா தூங்கலாம்ல. போறப்பவும் தூக்கம், வாறப்பவும் தூக்கம்.”

மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, “நீங்க உக்காருங்க அத்தை” என்றான். அவள் மறுத்தாள். அவன் விடவில்லை. மல்லியைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை தெளிவாகத் தெரியத் தொடங்கியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி வந்தாள்.

கோயிலில் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பிள்ளைகள் நிலைகளை எண்ணினார்கள். மகள் பத்து என்றாள், மகன் பன்னிரண்டு என்றான். அக்கா விரல் விட்டு எண்ணிப் பதினொன்று என்றாள். அதுதான் சரி. குச்சி அடுக்கிய கை கணக்கில் தவறாது போலும்.

செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணிலுக்கென 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டதால் வனத்துறை அனுமதிக்கும் எல்லை வரைதான் போக முடியும். அந்த அணில் பெரும்பாலும் தரைக்கு வருவதில்லை. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மரங்களில் இலைக்கூடு கட்டி, மரம் விட்டு மரம் தாவியே வாழ்கிறது. நடுவில் மரங்களை வெட்டிவிட்டால் அதற்குப் பாதை அற்றுப்போகும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “அந்தா, அந்தா” என்று அக்கா கத்தினாள். புளியமரத்தின் உச்சியில், உடம்பின் நீளத்துக்கு ஒரு வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது. மகனுக்கு அழுகை வந்தது. “திரும்ப வரும்யா, இருப்போம்” என்று அவனை மடியில் இருத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் இருந்தோம். வந்தது.

அன்றைய செலவு ஐநூறு ரூபாயைத் தாண்டவில்லை. அதில் பெரும்பகுதி ஆட்டோவுக்கும் பால்கோவாவுக்கும். ஊரை நெருங்கும்போது இரு பிள்ளைகளும் உறங்கிவிட்டார்கள். மகனின் தலை அக்காவின் தோளில் கிடந்தது. அவள் தூங்கவில்லை.

இறங்கியதும், “தம்பி, அடுத்த வாட்டி எங்க போறதுன்னு வெள்ளிக்கெழமையே சொல்லிரு. சனிக்கெழமை ராத்திரியே துணியத் துவைச்சுப் போட்டுருவேன். புளியோதரைய நான் கிளறிக் கொண்டாறேன்” என்றாள்.