முக்கொம்பு போனால் புரியும் பழைய போன் கார்டு கணக்கு!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கரூர் சாலையில் மேற்கே கிளம்பினால், வலப்பக்கம் காவிரி கூடவே வரும். குடமுருட்டி, முத்தரசநல்லூர், ஜீயபுரம் தாண்டி சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. பூங்கா, ஊஞ்சல், மர நிழலில் பிரிக்கப்படும் புளிசாதப் பொட்டலம், மீன் வறுவல் வாசனை என, ஞாயிற்றுக்கிழமை என்றால் திருச்சியில் பாதிப்பேர் இங்கேதான் இருப்பார்களோ என்று தோன்றும். ஆடிப்பெருக்கு அன்று கேட்கவே வேண்டாம்.

கரையில் நின்று கிழக்கே பாருங்கள். இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் காவிரி. நடுவில் தொடங்கும் தீவில்தான் ஸ்ரீரங்கம் இருக்கிறது. வருவது ஒரு ஆறு, போவது இரண்டு. அந்த மூன்று கிளைகளால்தான் முக்கொம்பு என்று பெயர்.

பார்க்க அழகான இந்தப் பிரிவு, ஒரு காலத்தில் டெல்டாவுக்குப் பெரிய தலைவலி. கொள்ளிடம் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரிப் பாசனம் காய்ந்தது. அதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் 1836-ல் இங்கே கட்டியதுதான் மேலணை. பாசனத்துக்கு வேண்டியது காவிரியில், வெள்ளமாக மிஞ்சுவது கொள்ளிடத்தில். இன்றும் அதே கணக்குதான்.

நெட்வொர்க்கிங் படிக்கிற பிள்ளைகளை ஒருமுறை இங்கே அழைத்து வர வேண்டும். வீட்டிலேயே சின்னதாக ஒரு லேப் அமைத்து, பழைய சிஸ்கோ ரூட்டரில் டெலிபோன் இணைத்துப் பழக வேண்டும் என்பது அவர்களில் பலருக்கு ஆசை. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பழைய ரூட்டர்கள் கிடைக்கின்றன. அதில் செருகும் வாய்ஸ் இன்டர்ஃபேஸ் கார்டு, சுருக்கமாக விஐசி, உள்ளங்கை அகலம்தான். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

கொடுப்பதா, வாங்குவதா?

கார்டில் முக்கியமாக இரண்டு வகை. எஃப்எக்ஸ்எஸ் என்பது கொடுக்கும் பக்கம். சாதாரண டெலிபோனை அதில் செருகினால் சுமார் 48 வோல்ட் மின்சாரம், டயல் டோன், மணியோசை எல்லாவற்றையும் அதுவே தரும். எஃப்எக்ஸ்ஓ என்பது வாங்கும் பக்கம். வெளியிலிருந்து வரும் தொலைபேசி லைனை அதில் இணைக்க வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வாங்கும் தலைமதகு எஃப்எக்ஸ்ஓ. வயலுக்குத் திறந்துவிடும் மடை எஃப்எக்ஸ்எஸ்.

இரண்டுக்கும் சுவிட்ச் போர்டு மாதிரி ஒரே வடிவத் துளைதான். அதனால் விலை குறைவாக இருக்கிறதே என்று எஃப்எக்ஸ்ஓ கார்டை வாங்கி, அதில் டெலிபோனைச் செருகினால் டயல் டோன்கூட வராது. முதல் கார்டு எஃப்எக்ஸ்எஸ் ஆக இருப்பதே நல்லது. இரண்டு போர்ட் உள்ள ஒரே கார்டும் இரண்டு பழைய போனும் இருந்தால், ஹாலிலிருந்து சமையலறைக்கு அழைத்துப் பார்க்கலாம். எந்த எண்ணை அழுத்தினால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரூட்டருக்குச் சொல்லும் கட்டளைக்கு டயல் பியர் என்று பெயர். முக்கொம்பில் மதகு செய்கிற வேலைதான் அது.

ஒரு சுவாரசியம்: உங்கள் வீட்டு ஃபைபர் இணைய மோடத்தில் போன் செருக ஒரு துளை இருக்கிறதா? அதுவும் எஃப்எக்ஸ்எஸ்தான்!

கார்டு மட்டும் போதாது

விஐசி2-2எஃப்எக்ஸ்எஸ் என்று கார்டில் எழுதியிருந்தால், இரண்டாம் தலைமுறை, இரண்டு போர்ட், எஃப்எக்ஸ்எஸ் வகை என்று படிக்க வேண்டும். இது 2811 போன்ற ரூட்டரில் வேலை செய்ய, உள்ளே பிவிடிஎம்2 என்ற தனிச் சில்லுப் பலகை வேண்டும். குரலை எண்களாக மாற்றுவது அதுதான். பிவிடிஎம்2-8 என்ற சின்னப் பலகையே ஜி.711 முறையில் 8 அழைப்புகளைத் தாங்கும். வீட்டு லேபுக்குத் தாராளம். அது இல்லாத கார்டு, தூக்குவதற்குச் சங்கிலி இல்லாத மதகு. ரூட்டரில் உள்ள ஐஓஎஸ் மென்பொருளும் வாய்ஸ் வசதி கொண்டதாக இருக்க வேண்டும். ஆக, கார்டு விலையை மட்டும் கேட்காதீர்கள். மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழசு என்பதாலேயே ஒரு பொருள் மோசமில்லை. மேலணை 180 ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது. ஆனால், 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்தில் இருந்த 45 மதகுகளில் 9 உடைந்து வெள்ளத்தோடு போயின. பிறகு புதிய கதவணையே கட்ட வேண்டியதாயிற்று. பழைய பொருளுக்கு வயது தெரிய வேண்டும், சோதனை வேண்டும். கடையிலேயே ரூட்டரை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஷோ டயக் என்ற கட்டளையில் கார்டும் பிவிடிஎம் பலகையும் தெரிகிறதா, ஷோ வாய்ஸ் போர்ட் சம்மரியில் போர்ட்டுகள் வருகின்றனவா என்று பாருங்கள். மின்விசிறிச் சத்தத்தையும் கேட்டுவிடுங்கள். ரேக்கில் வைக்கச் செய்த ரூட்டர்கள் படுக்கையறைக்கு ஏற்றவை அல்ல!

செலவே இல்லாத வழி

சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் 2811 ரூட்டரை வைத்து ஐபி போன் இணைத்துப் பழகலாம். ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் நிறுவினால், செல்போனையே எக்ஸ்டென்ஷன் ஆக்கலாம். நிஜ டெலிபோன் வேண்டும் என்றால், ஒரு எஃப்எக்ஸ்எஸ் போர்ட் கொண்ட கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போன்ற சின்ன அடாப்டர் போதும். சிஸ்கோ கட்டளைகளை நிஜக் கருவியில் பழக வேண்டியவர்கள் மட்டும் கார்டுக்குப் பணம் போடுங்கள்.

இன்னொன்று. லேப் என்பது வீட்டுக்குள் பழகுவதற்கு. வெளிநாட்டு இணைய அழைப்புகளை உள்ளூர் லைனில் திருப்பிவிட்டுக் காசு பார்ப்பது சட்டப்படி குற்றம். யாராவது ஆசை காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததும் ரூட்டரில் சிபிடோன் ஐஎன் என்று ஒரு வரி தட்டுங்கள். நம் நாட்டு டயல் டோன் வந்துவிடும். பரணில் தூங்கும் பழைய போனைத் துடைத்துச் செருகி, தாத்தாவின் கையில் ரிசீவரைக் கொடுங்கள். அந்த ஓசையை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.