கயத்தாறு: புளியமரத்தடியில் ஒரு தூக்கு

நாசரேத்திலிருந்து நெல்லைக்கு ரயில் ஏறினால் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று வழியெல்லாம் தாமிரபரணி வயல்கள்தான். கம்பெனியின் நெற்கிடங்கைக் கட்டபொம்மனின் ஆட்கள் சூறையாடினார்கள் என்று கதைப்பாடல்கள் சொல்வது இந்த ஸ்ரீவைகுண்டத்தைத்தான். அந்தக் கதை முடிந்த இடத்தைப் பார்க்க நெல்லையில் இறங்கி, மதுரை சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த ஊர்தான் கயத்தாறு.

1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மேன் வட்டாரத்துப் பாளையக்காரர்கள் எல்லோரையும் கயத்தாறுக்கு வரவழைத்திருந்தார். கிஸ்தி கட்டவில்லை, கலெக்டர் கூப்பிட்டபோது வரவில்லை, கம்பெனிப் படையை எதிர்த்தார் என்று குற்றங்களை வாசித்தார்கள். அன்றே தீர்ப்பு, அன்றே தூக்கு. கைதி தைரியமாக நடந்து வந்ததையும், இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை இளக்காரமாகப் பார்த்ததையும் பானர்மேனே மேலிடத்துக்கு எழுதினார். வரும் வழியில் கைதி கவலைப்பட்டது வாய் பேசாத தம்பிக்காக. மரத்தடியில் வருந்தியது, கோட்டையைக் காத்து அங்கேயே சாகாமல் வெளியேறியதற்காக. எதிரியின் கடிதம் என்பதால் இந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

நம் ஊருக்கு மரண தண்டனை புதிதல்ல. அதற்கு முன்பே கழுவேற்றம் இருந்தது. தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் கழுமரம் இன்று தெய்வமாகவே நிற்கிறது. கம்பெனி எடுத்தது கயிறு. ஆனால் நோக்கம் அதேதான்: ஊர் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும். ஒரு மாதம் முன்பு கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் குத்தி வைத்ததும் இதற்காகத்தான். இங்கிலாந்திலும் அப்போது தூக்கு என்றால் தெருக்கூட்டம்தான்; 1868-இல்தான் அது சிறைச் சுவருக்குள் போனது.

மரக்கிளையில் போடும் தூக்கில் உயிர் சட்டென்று போகாது, மூச்சுத் திணறித்தான் போகும். ஆளின் எடைக்கேற்பக் கயிற்றின் நீளத்தைக் கணக்கிட்டு, விழும் வேகத்தில் கழுத்து முறியச் செய்யும் முறையை வில்லியம் மார்வுட் என்ற தூக்கிலிடுபவர் இங்கிலாந்தில் கொண்டுவந்தது 1872-இல். கயத்தாறில் அந்தக் கருணையும் கிடையாது.

சரி, பானர்மேன் நினைத்த பயம் எத்தனை நாள் நின்றது? பதினாறு மாதம்கூட இல்லை. நாசரேத் ரயில் நெல்லைக்கு முன்னால் நிற்கும் பாளையங்கோட்டையில்தான் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று அவர் தப்பினார். இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்தது. அதை வீழ்த்தக் கம்பெனி மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கடைசியில் அதே ஆண்டு ஊமைத்துரைக்கும் மரண தண்டனை.

கயத்தாறு சாலையோரத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த வழியே போனவர்கள் தூக்கிலிட்ட இடத்தில் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். சின்னதும் பெரிதுமாகச் சேர்ந்து அது கற்குவியலாகவே நின்றது. யாரும் உத்தரவு போட்டுச் செய்ததல்ல. திரையில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் பிற்பாடு சொந்தப் பணத்தில் அங்கே நிலம் வாங்கிச் சிலை வைத்தார். அதன்பின் அரசு மணிமண்டபமும் வந்துவிட்டது. புளியமரம் மட்டும் இன்று இல்லை.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் நெல்லையில் பஸ் ஏறும்போதே "கயத்தாறில் நிற்குமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தொலைதூர பஸ்கள் பல பைபாஸிலேயே பறந்துவிடும்.