தாத்தா எப்ப வரும்?

திருவனந்தபுரத்துக்கு வேலை மாத்தி வர்ற நம்மாளுங்க முதல்ல கேக்கறது, "மலையாளம் கஷ்டமா சார்?" தான். டெக்னோபார்க்குல பல வருஷமா குப்பை கொட்டற அனுபவத்துல சொல்றேன், இலக்கணத்துல பாதி நமக்கு இலவசம் :-)

பன்மைக்கு நம்ம 'கள்' அப்படியே இருக்கு: குட்டி, குட்டிகள். ஆட்களுக்கு 'மார்': அம்மமார், டிரைவர்மார். நாமளும் 'தாய்மார்'னு சொல்றோமே! இத்தாலியன் மாதிரி பெயருக்குப் பின்னாடி பெயரடை வைக்கிற வேலையும் இல்ல. நல்ல குட்டி, வலிய வீடு. 'வலிய'ன்னா பெரிய, அவ்வளவுதான்.

வினைச்சொல் இன்னும் சுலபம். நாம வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்ததுன்னு ஆளுக்கொரு விகுதி போடறோம். அவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே 'வந்நு'. ராமசரிதம் மாதிரி பழைய நூல்கள்ல விகுதி உண்டு, பிற்பாடு உதிர்ந்துபோச்சு. தமிழ்லேர்ந்து மலையாளத்தைப் பிரிச்சுக் காட்டற ஆறு மாற்றங்கள்ல இதையும் ஒண்ணா வெச்சு, 'புருஷபேத நிராசம்'னு பேர் கொடுத்தார் ஏ.ஆர். ராஜராஜ வர்மா. 1896-ல் வந்த 'கேரள பாணினீயம்' எழுதினவர். இந்த ஊர் மகாராஜா கல்லூரியில (இன்னைக்கு யூனிவர்சிட்டி காலேஜ்) பேராசிரியரா இருந்தவர்.

பெரியவங்களுக்குச் சுலபமா இருக்கற இந்த விஷயம்தான் பசங்களுக்குச் சிக்கல். இங்கயே பிறந்து வளர்ற என் பொண்ணு, மதுரைக்குப் போன் போட்டு "தாத்தா எப்ப வரும்?"னு கேட்டா. மலையாளத்துல இது மரியாதைக் குறைவே இல்ல. அங்க மரியாதை கூப்பிடற முறையில இருக்கு, வினைச்சொல்லோட வால்ல இல்ல. மதுரையில 'வரும்'னா பஸ் வரும், மாடு வரும். அப்பாவுக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு வாரம் பேத்திகிட்ட முகம் கொடுத்துப் பேசலை. என்ன தப்புன்னு அவளுக்குப் புரியவே இல்ல.

"அவ மரியாதையை விடலைப்பா, விகுதியைத்தான் விட்டுட்டா"ன்னு நிதானமா விளக்கினப்புறம்தான் அவர் சமாதானமானார்.

இப்ப ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒரு விளையாட்டு நடக்குது. அன்னைக்கு யார் யார் வந்தாங்கன்னு அவ சொல்லணும். பால்காரர் வந்தாரு, டீச்சர் வந்தாங்க, தம்பி வந்தான், பூனை வந்துச்சு. எழுத்தைப் புத்தகம் வாங்கிக் கத்துக் கொடுத்துடலாம். இந்த 'ங்க' காதால கேட்டுத்தான் வரும், அதுக்கு வீட்ல நாம பேசணும்.

இங்கிலீஷ்லயும் எல்லாருக்கும் ஒரே 'கேம்' தானே? அதனால அமெரிக்கா, லண்டன்ல இருக்கறவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன். பசங்க இப்படிப் பேசினா திட்டாதீங்க. சரியான வாக்கியத்தை ஒருதரம் நீங்க சொல்லிக் காட்டுங்க. ஊர்ல இருக்கற பெரியவங்ககிட்டயும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க.