கடல் தெரியும் வீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனவர்களுக்கு உப்பளம் தெரியும். இப்போது அந்தச் சாலையில் மனை, வீடு விற்பனைப் பலகைகளும் கண்ணில் படுகின்றன. உப்புப் பாத்தியைப் பலகையில் யாரும் போடுவதில்லை. கடலைத்தான் போடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன், அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மூன்றாவது மாடி, கண்ணாடிக் கதவு, பால்கனிக்கு நேரே கடல். "பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம் மாமா. நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா அட்வான்ஸ் கொடுத்துடுவேன்" என்றான். இருபது வருஷச் சேமிப்பு அது. நான் பதிவுத்துறையில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்டான்.

காகிதங்கள் சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் வில்லங்கச் சான்று என்ன சொல்லும்? யார் யாருக்கு விற்றார், எங்கே அடமானம் வைத்தார், அவ்வளவுதான். அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதை அது சொல்லாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி 1991-லிருந்து இருக்கிறது. 2011-லும் 2019-லும் திருத்தி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் பிடி உண்டு. கடலை மட்டும் அளந்தால் போதாது; அலையேற்றம் வந்துபோகும் கழிக்கும் கால்வாய்க்கும் தனிக் கணக்கு. மரக்காணத்தில் பக்கிங்காம் கால்வாய், கழுவெளி, உப்பளம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான்.

கொச்சி மரடுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இந்த விதியை மீறியதாக 4 அடுக்குமாடிகளை இடிக்க 2019-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் கையிலும் பத்திரம் இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தேன். காட்சி அழகு, அதில் குறை சொல்ல முடியாது. கட்டி எத்தனையோ வருஷமாகவில்லை. அதற்குள் பால்கனிக் கம்பியில் துரு பூத்திருந்தது. உப்புக் காற்று சிமென்ட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைப் பிளந்து தள்ளும். திரும்பும் வழியில் உப்பளத்தில் வண்டியை நிறுத்தினேன். வாரு பலகையோடு நின்ற அம்மா சிரித்தார். "இந்தக் காத்துக்கு உப்பு நல்லா வெளையும் ஐயா. இரும்புதான் நிக்காது."

பழைய மரக்காணமும் பூமீஸ்வரர் கோயிலும் கடலைவிட்டு உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன. கரையை ஒட்டிக் குப்பம் போட்டவர்களுக்குக் கடல் பிழைப்பு. 2004 டிசம்பர் 26 அவர்களைத் தேடி வந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

மருமகனுக்கு மூன்று காகிதம் கேட்கச் சொல்லி எழுதினேன்: சர்வே எண் குறித்த கடலோர மண்டல வரைபடம், அந்த மண்டலத்துக்கான அனுமதி, திட்ட அனுமதி. மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே என்றேன். விற்பவர் "ரெண்டு நாள்ல அனுப்புறோம்" என்றாராம். மூன்று வாரம் ஆகிறது.

அக்காதான் தினமும் போன் செய்கிறாள். கடைசிக் காலத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசைப்பட்டாளாம், நான் கெடுத்துவிட்டேனாம்.